உங்கள் டாக்டருக்கு ஒரு மனசுப் பாடம்!

'எல்லா டெஸ்ட்டும் நார்மல்' என்று டாக்டர் சொன்னதும் உங்களுக்கு சந்தோஷம் வந்ததா, எரிச்சல் வந்ததா?

உண்மையைச் சொல்லுங்கள். பல பேருக்கு எரிச்சல்தான் வரும். 'நார்மல்னா எனக்கு ஏன் வலிக்குது?' என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே என்ற எரிச்சல். அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவது எப்படி என்று இப்போது டாக்டர்களுக்கே பாடம் நடக்கிறது. குடும்ப மருத்துவம் என்ற மேற்படிப்பில் சேரும் இளம் டாக்டர்களுக்கு, மருந்து, ஊசி, அறுவை சிகிச்சையோடு 'நடத்தை அறிவியல்' என்றும் ஒரு பாடம் உண்டு. பெயரைக் கேட்டு பயந்துவிட வேண்டாம். மனுஷன் எப்படி நினைக்கிறான், எப்படி நடந்துகொள்கிறான், அது அவன் உடம்பை என்ன செய்கிறது என்பதுதான் விஷயம்.

டாக்டர்கள் படிக்கிற பாடம் நமக்கெதற்கு என்கிறீர்களா? எதிர் நாற்காலியில் உட்காரப் போவது நீங்கள்தானே! அவர் ஏன் இப்படிக் கேட்கிறார் என்று தெரிந்தால், நீங்கள் சொல்ல வேண்டியதைச் சரியாகச் சொல்வீர்கள்.

மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு காலை

கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் வழியாகப் பண்ருட்டி போகும் சாலையில் இருக்கிறது மேல்பட்டாம்பாக்கம். பருவத்தில் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் வண்டிகள். பண்ருட்டிப் பக்கம் போனால் பலாவும் முந்திரியும். இந்தச் சுற்றுவட்டாரத்தில் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போய்வருகிற குடும்பங்களும் உண்டு.

இங்கே ஒரு சின்ன கிளினிக் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வருஷமாக வைத்தியம் பார்க்கும் ஒரு பெரிய டாக்டர். அவரிடம் பயிற்சிக்கு வந்திருக்கும் ஓர் இளம் பெண் டாக்டர். காலை பத்து மணிக்கு நாற்பத்தெட்டு வயது அம்மாள் ஒருவர் உள்ளே வருகிறார். கையில் பிளாஸ்டிக் கவர். அதில் பண்ருட்டியில் எடுத்த ஸ்கேன், கடலூரில் எடுத்த ரத்தப் பரிசோதனை, புதுச்சேரியில் எழுதின மருந்துச் சீட்டு. ஆறு மாத அலைச்சல் மொத்தமும் அந்தக் கவருக்குள்.

"தலைவலிங்க. பின்னாடி கழுத்துலேர்ந்து ஏறுது. ராத்திரி தூக்கமே இல்ல. கை காலெல்லாம் அசதி. எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்க. ஆனா எனக்கு முடியலையே டாக்டரம்மா!"

(இந்த அம்மாளும் இந்த கிளினிக்கும் பாடத்துக்காக நான் கட்டிய காட்சி. ஆனால் இந்தக் கவர் கற்பனை இல்லை. தமிழ்நாட்டில் எந்த ஊர் கிளினிக் வாசலில் நின்றாலும் இதைப் பார்க்கலாம்.)

இளம் டாக்டர் சீட்டை எடுத்து வலி மாத்திரை, சத்து மாத்திரை என்று எழுத ஆரம்பிக்கிறார். மூலையில் உட்கார்ந்திருந்த பெரியவர் மெதுவாகச் சொல்கிறார்: "பேனாவைக் கீழே வைம்மா. அவங்க இன்னும் பேசி முடிக்கலை."

இதுதான் முதல் பாடம்.

பாடம் 1: குறுக்கே பேசாதே!

1984-ல் அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கெல் என்ற இருவர் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். நோயாளி தன் தொந்தரவைச் சொல்ல ஆரம்பித்ததும் டாக்டர் எத்தனை நேரம் பொறுமையாக இருக்கிறார் என்று ஒலிநாடாவில் பதிவு செய்து கணக்கெடுத்தார்கள். கிடைத்த விடை: சராசரியாக 18 நொடி! அதற்குள் டாக்டர் குறுக்கிட்டுக் கேள்வி போட்டுவிடுகிறார். நான்கில் ஒருவருக்குக்கூட முழுசாகச் சொல்லி முடிக்க வாய்ப்பு கிடைக்கவில்லை.

'பேச விட்டால் அரை மணி நேரம் பேசுவார்களே' என்பது டாக்டர்களின் பயம். அதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 2002-ல் வெளியான ஸ்விட்சர்லாந்து ஆராய்ச்சியில், தடுக்காமல் பேசவிட்ட நோயாளிகள் சராசரியாக ஒன்றரை நிமிஷத்தில் தாங்களே நிறுத்திக்கொண்டார்கள். ஐந்தில் நான்கு பேர் இரண்டே நிமிஷத்துக்குள் முடித்துவிட்டார்கள்.

ஒன்றரை நிமிஷம்! நாம் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்கிற நேரத்தோடு ஒப்பிட்டால் இது எந்த மூலைக்கு?

ஆகவே பயிற்சி டாக்டருக்குச் சொல்லித் தருவது இதுதான்: முதல் இரண்டு நிமிஷம் வாயை மூடிக்கொள். தலையை ஆட்டு. 'ம்... அப்புறம்?' என்று கேள். அவ்வளவே.

இந்தப் பாடம் எங்கிருந்து வந்தது?

ஒரு காலத்தில் உடம்பை ஒரு மிஷின் மாதிரிதான் மருத்துவம் பார்த்தது. எந்தப் பாகம் கெட்டதோ அதைச் சரி செய். 1977-ல் ஜார்ஜ் எங்கெல் என்ற அமெரிக்க டாக்டர் எழுதிய ஒரு கட்டுரை இந்தப் பார்வையையே அசைத்தது. வியாதி என்பது உடம்பு, மனசு, சுற்றியிருக்கும் குடும்பமும் சமுதாயமும் என்ற மூன்றும் சேர்ந்த விவகாரம். ஒன்றை மட்டும் பார்த்தால் வைத்தியம் அரைகுறை என்றார் அவர். அமெரிக்காவில் 1969-லேயே குடும்ப மருத்துவம் தனித் துறையாக அங்கீகாரம் பெற்றிருந்தது. அந்தப் பயிற்சியில் நடத்தை அறிவியலும் கட்டாயப் பாடமாயிற்று.

நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் தேசியத் தேர்வு வாரியத்தின் டி.என்.பி. குடும்ப மருத்துவம் என்ற மூன்று வருஷப் படிப்பில் சேரலாம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் குடும்ப மருத்துவத்துக்குத் தனித் துறையே இருக்கிறது. வேலையை விட்டு வர முடியாத டாக்டர்களுக்கு அவர்கள் தொலைநிலைப் படிப்பும் நடத்துகிறார்கள். கேரளத்தில் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி எம்.டி. படிப்பாகவே இதைக் கொண்டுவந்தது. 2017-ல் வந்த தேசிய சுகாதாரக் கொள்கையும் குடும்ப மருத்துவப் படிப்பை வளர்க்கச் சொல்கிறது. 2019-லிருந்து எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலேயே மனப்பாங்கு, நன்னெறி, நோயாளியிடம் பேசும் முறை ஆகியவற்றுக்குத் தனி இடம் ஒதுக்கிவிட்டார்கள்.

'இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம்' என்று நினைக்காதீர்கள். குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டு வைத்தியம் பார்க்கும் வழியை உலகத்துக்குக் காட்டியதில் நமக்கும் பங்குண்டு. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் உறவினர்களையும் வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்க வைத்தார். வேலூரை அடுத்த பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957-ல் தொடங்கப்பட்டது. அங்கே நோயாளியோடு வீட்டு மனுஷர் ஒருவரும் தங்க வேண்டும் என்பது வழக்கம். வீட்டுக்குப் போனபின் பார்த்துக்கொள்ளப் போவது அவர்தானே! அவருக்கும் சொல்லித் தர வேண்டாமா?

பாடம் 2: 'நீங்க என்ன நினைக்கிறீங்க?'

மேல்பட்டாம்பாக்கத்துக்குத் திரும்புவோம். அம்மாள் பேசி முடித்தார். இப்போது பெரியவர் இளம் டாக்டருக்குக் கண் காட்டுகிறார். அவர் கேட்கிறார்: "இது எதனால வந்திருக்கும்னு நீங்க நினைக்கிறீங்கம்மா? உங்களுக்கு உள்ளுக்குள்ள என்ன பயம்?"

அம்மாள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கம்மாவும் இப்படித்தாங்க... தலைவலின்னு சொல்லிட்டுப் படுத்தாங்க. மறுநாள் ஒரு பக்கம் விழுந்துடுச்சு. பத்து நாள்ல போயிட்டாங்க. எனக்கும் மூளையில ரத்தக்குழாய் வெடிச்சுடும்னு..."

ஆறு மாதமாக மூன்று ஊர்களில் யாரும் கேட்காத கேள்வி!

ஆர்தர் கிளைன்மன் என்ற மனநல மருத்துவரும் அவரது சகாக்களும் 1978-ல் எழுதிய கட்டுரை ஒன்று இந்தக் கேள்விகளைப் பிரபலமாக்கியது. இந்த வியாதியை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்? எதனால் வந்தது? ஏன் அந்தச் சமயத்தில் ஆரம்பித்தது? எதை நினைத்து அதிகம் பயப்படுகிறீர்கள்? நம் ஊரில் இதற்கு 'சூடு', 'வாய்வு', 'திருஷ்டி', 'செய்வினை' என்று பல பதில்கள் வரும். சிரிக்கக்கூடாது என்பதும் பாடத்தில் உண்டு. 'சூடு' என்று நம்புகிற ஆளிடம் காரணம் சொல்லாமல் மாத்திரை கொடுத்தால், 'மாத்திரையே சூடு' என்று அதை அலமாரியில் வைத்துவிடுவார்!

அந்த அம்மாளின் பயத்துக்கு மருந்து, 'ஒண்ணுமில்லை, பயப்படாதீங்க' என்பது அல்ல. அவர் கண் முன்னால் ரத்த அழுத்தம் பார்த்து, எண்ணைச் சொல்லி, "உங்கம்மாவுக்கு பிரஷர் இருந்துதா? மாத்திரை போட்டாங்களா?" என்று கேட்டு, "உங்களுக்கு 126-க்கு 80 இருக்கு. இது நல்ல அளவு. வருஷா வருஷம் பார்த்துக்கலாம்" என்று விளக்குவதுதான் மருந்து.

பாடம் 3: ஒரு குடும்பப் படம்

அடுத்து ஒரு வெள்ளைத் தாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். மூன்று தலைமுறையைக் கோடு போட்டு இணைக்க வேண்டும். இறந்தவர்களுக்குப் பெருக்கல் குறி. யாருக்கு என்ன வியாதி, யார் யாரோடு ஒட்டுதல், யாரோடு மனஸ்தாபம், எல்லாம் அதில் வரும். ஐந்து நிமிஷ வேலை.

அம்மாளின் படம் இப்படி வருகிறது: அம்மா மார்கழியில் காலமானார். கணவர் நெய்வேலியில் ஒப்பந்தத் தொழிலாளி, ஷிப்ட் மாறி மாறி வரும், குடிப்பழக்கம் உண்டு. மகள் பிரசவத்துக்கு வந்து மூன்று மாதம் இருந்துவிட்டுப் போனாள். மகன் டிப்ளமோ முடித்து வேலையில்லாமல் வீட்டில். படுத்த படுக்கையாய் மாமியார்.

"தலைவலி எப்ப ஆரம்பிச்சுதும்மா?"

"தை மாசம் பொங்கல் கழிச்சு."

மார்கழியில் சாவு, தையில் தலைவலி. தாளில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. யாரும் விளக்கிச் சொல்லவில்லை. அம்மாளே தாளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "அழக்கூட நேரமில்லைங்க. புள்ளத்தாச்சிப் பொண்ணு வூட்டுல இருந்தா... எப்படி அழறது?"

பாடம் 4: கேட்க வேண்டிய கேள்வி, கேட்கப் பயப்படுகிற கேள்வி

துக்கம் வேறு, மனச்சோர்வு வியாதி வேறு. அம்மா செத்தால் அழுவது வியாதி அல்ல. ஆனால் மாதக்கணக்கில் தூக்கம், பசி, வேலை எல்லாவற்றையும் அது தின்றுகொண்டே போனால் கவனிக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க உலகமெங்கும் குடும்ப டாக்டர்கள் முதலில் இரண்டு கேள்வி கேட்கிறார்கள்:

கடந்த இரண்டு வாரத்தில், எதைச் செய்தாலும் அதில் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் இருந்ததா?

கடந்த இரண்டு வாரத்தில், மனசு சோர்ந்து, நம்பிக்கை விட்டுப்போன மாதிரி இருந்ததா?

பெரும்பாலான நாட்கள் 'ஆமாம்' என்றால் இன்னும் விவரமாகக் கேட்க வேண்டும். இந்த இரண்டு பதில்களால் மட்டும் வியாதி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. உள்ளே போவதற்குக் கதவு திறந்தது, அவ்வளவுதான்.

அடுத்த கேள்விதான் இளம் டாக்டர்கள் நடுங்குகிற கேள்வி. "வாழவே வேணாம்னு எப்பவாவது தோணியிருக்காம்மா?"

இதைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயம். இல்லை. அப்படி விதைப்பதில்லை என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. கேட்பவரிடம் மனசு விட்டுச் சொல்ல முடிவதால் பாரம் குறைவதே அதிகம். பயிற்சியில் இந்தக் கேள்வியை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பழக வைக்கிறார்கள். சக டாக்டர் ஒருவர் நோயாளியாக நடிப்பார். குரல் நடுங்காமல் கேட்க வரும்வரை திரும்பத் திரும்ப!

அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சில ராத்திரி தோணுதுங்க. அப்புறம் பேரப்புள்ளைய நெனச்சுப்பேன்."

"வீட்டுல பூச்சி மருந்து இருக்காம்மா?"

"இருக்குங்க. கரும்புக்கு அடிக்கிறது. பின்கட்டுல."

இந்தக் கேள்வி ஏன் தெரியுமா? விவசாயக் குடும்பங்களில் பல உயிர்கள் போவது, சாக வேண்டும் என்று நாள் கணக்காய்த் திட்டம் போட்டு அல்ல. தாங்க முடியாத ஒரு கணத்தில் கைக்கெட்டும் தூரத்தில் விஷம் இருப்பதால். அந்தக் கணம் கடந்துவிட்டால் மனசு மாறிவிடும். சென்னையில் 1986-ல் 'சினேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவரது குழுவும் இதே கடலூர் மாவட்டத்தில், காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில் ஒரு சோதனை செய்தார்கள். பூச்சி மருந்தை வீட்டில் வைக்காமல், பாங்க் லாக்கர் மாதிரி பொது இடத்தில் பூட்டி வைக்கும் ஏற்பாடு. விவசாயிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள். பூச்சி மருந்தால் நேரும் சாவுகளைக் குறைக்க இது உதவக்கூடும் என்று 2013-ல் வெளியான அவர்களது கட்டுரை காட்டியது.

ஆகவே அன்றைய மருந்துச் சீட்டின் முதல் வரி எந்த மாத்திரையும் இல்லை. அம்மாளின் சம்மதத்தோடு மகனை உள்ளே கூப்பிட்டு, "தம்பி, இன்னிக்கே அந்த டப்பாவை வீட்டை விட்டு வெளியே கொண்டுபோய்ப் பூட்டி வச்சிடு. சாவி உன்கிட்ட இருக்கட்டும். அம்மாவைத் தனியா விடாதே" என்று சொன்னதுதான்.

பாடம் 5: திட்டினால் திருந்துவாரா?

அதே கிளினிக்கில் இன்னொரு நாள் அந்த அம்மாளின் கணவரே வருகிறார் என்று வையுங்கள். ரத்த அழுத்தம் அதிகம். பீடி. குடி. மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதம்.

பழைய பாணி: "இப்படிக் குடிச்சா சீக்கிரம் போய்ச் சேருவீங்க! மாத்திரை ஏன் போடலை?" அவர் தலை குனிந்து "சரிங்க" என்பார். வெளியே போய் ஒரு பீடி பற்றவைப்பார்.

1983-ல் இரண்டு விஷயங்கள் வெளியாயின. ப்ரொசஸ்கா, டிக்ளமென்டி என்ற இருவர், புகையை விடுகிறவர்கள் ஒரே தாவலில் மாறுவதில்லை என்று சொன்னார்கள். யோசிக்காத நிலை, யோசிக்கும் நிலை, செயல், தொடர்ந்து காப்பாற்றுதல் என்று படிப்படியாகப் போகிறார்கள். நடுவில் வழுக்கியும் விழுகிறார்கள். அதே வருஷம் வில்லியம் மில்லர், குடிப்பவரிடம் வாதாடாமல் அவர் வாயாலேயே காரணத்தைச் சொல்லவைக்கும் பேச்சு முறையை எழுதினார்.

புதிய பாணி இப்படி: "மாத்திரை போடுறதுல என்ன சிரமம்ண்ணே?"

"நைட் ஷிப்ட்ங்க. காலைல மாத்திரைன்னு எழுதியிருக்கு. காலைல நான் தூங்குவேன்."

அட, இவ்வளவுதானா! நேரத்தை மாற்றி எழுதினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அப்புறம், "குடியை விடணும்னு பத்துக்கு எத்தனை மார்க் தோணுது?" "மூணு இருக்கும்ங்க." இங்கேதான் சூட்சுமம். 'ஏன் வெறும் மூணு?' என்று கேட்கக்கூடாது. "ஏன் ஒண்ணு இல்லாம மூணு?" என்று கேட்க வேண்டும். அவர் யோசித்து, "பேரன் கிட்ட வரமாட்டேங்குறான், வாடை அடிக்குதாம்" என்கிறார். குடியை விடுவதற்கான காரணத்தை டாக்டர் சொல்லவில்லை, அவரே சொன்னார்.

ஓர் எச்சரிக்கை: தினமும் அதிகம் குடிப்பவர் டாக்டர் மேற்பார்வை இல்லாமல் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம். வீட்டிலேயே பூட்டி வைத்துத் திருத்துகிறேன் என்று இறங்காதீர்கள்.

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கியது. மாத்திரை வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. அங்கிருந்து வாய்க்குப் போக வேண்டுமே? அந்த ஒரு முழத் தூரத்துக்குத்தான் இந்தப் பாடம்.

பாடம் 6: டாக்டருக்கும் மனசு உண்டு

லண்டனில் மைக்கேல் பாலின்ட் என்ற மனநல மருத்துவர் 1950-களில் குடும்ப டாக்டர்களை வட்டமாக உட்கார வைத்தார். 'உன்னைத் தொந்தரவு செய்கிற நோயாளி யார்? அவரைப் பார்த்தால் உனக்குள் என்ன நடக்கிறது?' என்று பேச வைத்தார். 1957-ல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். டாக்டரே ஒரு மருந்து. அதை எந்த அளவில் கொடுப்பது, அதற்கு என்ன பக்க விளைவு என்று யாருக்கும் தெரியவில்லையே என்பது அவர் கவலை. அந்த மாதிரிக் குழுக்கள் இன்றும் பல நாடுகளில் பயிற்சியின் ஒரு பகுதி.

கவரோடு வருகிற நோயாளியைப் பார்த்ததும் டாக்டருக்குச் சலிப்பு வரும். அது மனித சுபாவம். அந்தச் சலிப்பு தன்னுடையது என்று தெரிந்துகொண்டால் நோயாளி மேல் எரிந்து விழ மாட்டார். தெரியாவிட்டால், 'உங்களுக்கு ஒண்ணுமில்லைம்மா, போங்க' என்பார்.

எப்படிச் சொல்லித் தருகிறார்கள்?

புத்தகத்தைப் படித்து வரக்கூடிய பாடம் இல்லை இது. நீச்சல் மாதிரி. ஆசிரியர் மூலையில் உட்கார்ந்து பார்ப்பார். நோயாளியின் அனுமதியோடு வீடியோ எடுத்துப் போட்டுப் பார்ப்பதும் உண்டு. 'இங்கே பார், அவங்க அழ ஆரம்பிச்சதும் நீ கம்ப்யூட்டரைப் பார்த்துட்டே' என்று காட்டினால் வாழ்நாளுக்கும் மறக்காது. நடிப்புப் பயிற்சி, நோயாளியின் வீட்டுக்கே போய்ப் பார்த்துவருவது, கெட்ட செய்தியைப் படிப்படியாகச் சொல்லும் முறை எல்லாம் உண்டு. 'அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க டாக்டர்' என்று வாசலிலேயே மறிக்கிற பிள்ளைகளிடம் கோபப்படாமல் பேசுவதும் நம் ஊருக்கே உரிய பாடம்.

'எல்லாம் மனசுதான்' என்பதும் தப்பு!

இந்தப் பாடத்தை அரைகுறையாகப் படித்தால் ஆபத்து. தலைவலி என்றால் மனசு, அசதி என்றால் மனசு என்று தள்ளிவிடும் டாக்டர், ஸ்கேன் மட்டுமே எழுதும் டாக்டரைவிட மோசம். தைராய்டு குறைந்தாலும் அசதியும் சோர்வும் வரும். ரத்தசோகையும் அப்படியே. மாதவிடாய் நிற்கும் வயசில் தூக்கம் கெடும். அதனால் அந்த அம்மாளின் கவரைப் பெரியவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தார். தைராய்டு மட்டும் யாரும் பார்க்கவில்லை. அதை எழுதிக் கொடுத்தார். உடம்பையும் மனசையும் சேர்த்துப் பார்ப்பதுதான் பாடம். ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவுவது அல்ல.

நேரத்துக்கு எங்கே போவது என்ற கேள்வியும் நியாயமானது. ஒரு நாளைக்கு நூறு பேர் வரும் இடத்தில் ஒவ்வொருவருக்கும் குடும்பப் படம் வரைய முடியாது. அதற்கும் ஒரு வழியை நம் நாட்டிலேயே சோதித்தார்கள். கோவாவில், டாக்டர் பட்டம் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, டாக்டரோடு சேர்ந்து மனச்சோர்வு, பதற்றம் உள்ளவர்களைக் கவனிக்க வைத்தார்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அந்த ஏற்பாட்டில் குணமானவர்கள் கூடுதல் என்று 2010-ல் வெளியான முடிவு காட்டியது.

இது அவசியமா என்றால், நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16-ல் எடுத்த கணக்கைப் பாருங்கள். வயது வந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை. அவர்களில் சிகிச்சை கிடைக்காதவர்கள், வியாதிக்குத் தகுந்தபடி 70 முதல் 92 சதவிகிதம் வரை! இத்தனை பேரும் மனநல டாக்டரைத் தேடிப் போகப் போவதில்லை. 'எனக்கென்ன பைத்தியமா?' என்று கேட்பார்கள். ஆனால் தலைவலிக்கும் முதுகு வலிக்கும் குடும்ப டாக்டரிடம் வருவார்கள். பிடிக்க வேண்டிய இடம் அதுதான்.

அந்த அம்மாள் என்ன ஆனார்?

தைராய்டு சரியாகவே இருந்தது. வாரம் ஒரு தடவை பதினைந்து நிமிஷம் வந்து பேசச் சொன்னார்கள். மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரையும் எழுதினார்கள். கூடவே விளக்கம்: "இது தூக்க மாத்திரை இல்லம்மா, பழக்கமாகவும் ஆகாது. ஆனா வேலை செய்ய ரெண்டு மூணு வாரம் ஆகும். நல்லாயிட்டா மாதிரி இருந்தாலும் எங்களைக் கேக்காம நிறுத்தக்கூடாது." மறுபடி சாகத் தோன்றினால் அந்த ராத்திரியே யாருக்குச் சொல்வது, எங்கே வருவது என்றும் எழுதிக் கொடுத்தார்கள். குறையாவிட்டால் மனநல டாக்டரிடம் அனுப்புவதாக முதல் நாளே சொல்லிவைத்தார்கள். மாமியாரைப் பார்த்துக்கொள்வதில் மகனுக்கும் பங்கு வந்தது.

இரண்டு மாதத்தில் தலைவலி மாயமாகி விடவில்லை. வாரத்துக்கு ஒரு நாள் வருகிறது. "வந்தா வரட்டும்னு இருக்கேங்க. பயம் போயிடுச்சு" என்கிறார். அம்மாவின் முதல் வருஷத் திவசத்தில் வாய்விட்டு அழுதாராம்.

நீங்கள் செய்ய வேண்டியது

1. போகுமுன் மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள்: என்ன தொந்தரவு, எப்போது ஆரம்பித்தது, எதை நினைத்துப் பயம். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள்.

2. முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லுங்கள். எழுந்து போகும்போது கதவருகே நின்று, 'அப்புறம் டாக்டர்...' என்று ஆரம்பிக்காதீர்கள்.

3. மாத்திரையை நிறுத்தியிருந்தால் மறைக்காதீர்கள். ஏன் நிறுத்தினீர்கள் என்பது டாக்டருக்குத் தேவையான தகவல்.

4. 'வீட்டில் ஏதாவது பிரச்சினையா?' என்று டாக்டர் கேட்டால் அவர் வம்புக்குக் கேட்கவில்லை. சொல்லலாம். தனியாகப் பேச வேண்டும் என்றால் அதையும் கேட்கலாம்.

5. வீட்டில் ஒருவர் 'இருந்து என்ன பிரயோஜனம்' என்கிற மாதிரிப் பேசினால் 'சும்மா சொல்றாங்க' என்று விடாதீர்கள். நேராகக் கேளுங்கள். கூடவே இருங்கள். பூச்சி மருந்து, எலி மருந்து, மாத்திரைகளை அப்புறப்படுத்துங்கள். 104 எண்ணிலோ, 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 எண்ணிலோ பேசலாம், இரண்டும் இலவசம்.

அடுத்த முறை உங்கள் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, 'நீங்க என்ன நினைக்கிறீங்க?' என்று கேட்டால், 'இவருக்கு ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது, நம்மையே கேட்கிறாரே' என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகப் பாடம் படித்தவர் அவர். மனசு விட்டுச் சொல்லுங்கள்!